துரு பாதி, உப்புத்தாள் பாதி: ஒரு பழைய மைக்ரோமீட்டர் பெட்டியின் நிகழ்வு ஆய்வு

துருப்பிடித்து வந்த ஒரு பெட்டி அளவுக் கருவிகளைச் சீர்செய்த கதை இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைக்ரோமீட்டர் வேலைக்குத் திரும்பியது, ஆனால் நிபந்தனையோடு. வெர்னியர் காலிபர் தோராய அளவுக்கு மட்டும் என்று ஒரு படி இறங்கிவிட்டது. டயல் கேஜ் (தண்டின் அசைவை முள்ளால் காட்டும் கருவி) எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறியது. ஸ்லிப் கேஜ்களை (துல்லியமான தடிமன் கொண்ட எஃகுத் துண்டுகள்) இனி கேஜ் என்று சொல்லக் கூடாது. பெட்டியில் இருந்த எல்லாவற்றிலும் துரு தெரிந்தது. ஆனால் மைக்ரோமீட்டருக்கும் வெர்னியருக்கும் பெரிய சேதம் துருவால் வரவில்லை. துருவுக்கு முன்பே யாரோ செய்த ‘சுத்தம்’ அது. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கருவி அறையில் காலமெல்லாம் வேலை பார்த்த ஒருவரின் பெட்டி இது. 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர், 150 மி.மீ. வெர்னியர், 0.01 மி.மீ. டயல் கேஜ், தொகுப்பிலிருந்து உதிர்ந்து வந்த சில ஸ்லிப் கேஜ்கள். அவருக்குப் பிறகு பரணில் கிடந்திருக்கிறது. கொண்டுவந்தவர் அவருடைய பேரன், லேத் பழகிக்கொண்டிருக்கிறார்.

“அண்ணா, இத மறுபடி பளபளன்னு ஆக்கிடலாமா?”

“பளபளன்னு வேணுமா, சரியா அளக்கணுமா தம்பி?”

“ரெண்டும்தான் வேணும்ணா.”

அங்கேதான் பேச்சு நீண்டது. அலமாரியில் வைக்கும் பொருளுக்குச் செய்வது வேறு, அளக்கும் பொருளுக்குச் செய்வது வேறு. முன்னதற்குத் துரு போனால் போதும். பின்னதற்கு, துரு போகும்போது கூடவே என்ன போகிறது என்று பார்த்தாக வேண்டும். அளக்க வேண்டும் என்றே கடைசியில் முடிவானது.

தொடும் முன் பார்த்தது

துரு எல்லாம் ஒன்றல்ல. கைபட்டால் ஒட்டும் ஆரஞ்சுப் பொடி புதியது. அதன் அடியில் உலோகம் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். கறுத்து இறுகி, நகத்தால் சுரண்டினால் அசையாதது பழையது. அதன் கீழே குழி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று கைரேகைத் துரு. வியர்வையில் உள்ள உப்பு படிந்து, துடைக்காமல் விட்டால், விரல் வரிகளையே உலோகத்தில் அரித்து வைத்துவிடும். மைக்ரோமீட்டரின் சட்டத்தில் ஒரு கட்டைவிரல் முழுசாக இருந்தது. வரிகளை எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. அது யாருடையது என்று பேரன் சொல்லாமலே புரிந்தது. அதை நீக்கச் சட்டத்தைச் சாணை பிடிக்கத்தான் வேண்டும் என்பதால், நீக்கவில்லை.

எல்லாக் கருவிகளிலும் ஃபெல்ட் துணியில் பதிந்திருந்த பக்கம்தான் மோசம். ஃபெல்ட் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நிதானமாகக் கொடுக்கும். மரப்பெட்டி பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ஓக் போன்ற சில மரங்கள் அசிட்டிக் அமில ஆவியை ஆண்டுக்கணக்கில் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவியும் ஈரமும் சேர்ந்தால் இரும்புக்கு வேறு எதிரி தேவையில்லை.

எண்ணெய் விடுவதற்கு முன் ஒவ்வொரு கருவியையும் மனத்துக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்வது என் வழக்கம். அளக்கும் பரப்பு: மைக்ரோமீட்டரில் ஆன்வில் (அசையாத முனை) முகம், ஸ்பிண்டில் (திருகினால் நகரும் தண்டு) முகம், உள்ளே இருக்கும் மரை (திருகுப் புரி). வாசிக்கும் பரப்பு: ஸ்லீவிலும் (நிலையான குழாய்) திம்பிளிலும் (அதன் மேல் சுழலும் குழாய்) உள்ள கோடுகள். பிடிக்கும் பரப்பு: சட்டம், ராட்செட் தலை (அழுத்தம் மீறாமல் நழுவும் திருகுமுனை). பிடிக்கும் பரப்பில் நமக்கு முழுச் சுதந்திரம். வாசிக்கும் பரப்பில் பாதிச் சுதந்திரம். அளக்கும் பரப்பில் சுதந்திரம் என்று ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு துடைப்புக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். கெட்டுப்போன பழைய கருவிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒரே துணியால், ஒரே தாளால் தேய்த்ததால் கெட்டவை.

பூட்டிய ஸ்பிண்டில்

மைக்ரோமீட்டரை மூடிய நிலையில், லாக்கும் போட்டு வைத்திருந்தார்கள். இதைவிட மோசமாக வைக்க முடியாது. தட்டையான இரண்டு முகங்கள் ஒட்டி நின்றால் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளி ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெப்பம் ஏறி இறங்கும்போது சட்டமும் ஸ்பிண்டிலும் ஒன்றையொன்று அழுத்தும். முகங்களுக்கு நடுவே சிறிது இடைவெளி விட்டு, லாக்கைத் தளர்த்தி வைக்கச் சொல்வது அதனால்தான்.

துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். 0.5 மி.மீ. புரியிடைத்தூரம் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) உள்ள மரையில் அவ்வளவு காலி இடம் ஏது? எனவே இறுகிப்போயிருந்தது. இந்த நிலையில் எல்லாருக்கும் கை போகும் இடம் இடுக்கி. திம்பிள் என்பது மெல்லிய குழாய். இடுக்கியால் ஒருமுறை அழுத்தினால் வட்டம் முட்டை ஆகிவிடும். பிறகு அது ஸ்லீவில் ஒரு பக்கம் உரசிக்கொண்டே சுற்றும். அதைத் திரும்ப வட்டமாக்க எனக்குத் தெரிந்து நல்ல வழி எதுவும் இல்லை.

நெருப்பும் கூடாது. கடினப்படுத்திய கருவி எஃகு 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே தன் கடினத்தை இழக்கத் தொடங்கலாம். அந்த வெப்பத்தைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. நீலம் ஏறியதைப் பார்க்கும்போது காரியம் கெட்டு வெகுநேரம் ஆகியிருக்கும்.

செய்தது இவ்வளவுதான். முதலில் லாக் வளையத்தில் ஊடுருவும் எண்ணெய், பிறகு ஸ்பிண்டில் சட்டத்துக்குள் நுழையும் இடத்தில், பிறகு திம்பிளும் ஸ்லீவும் சந்திக்கும் விளிம்பில். சிலர் அசிட்டோனையும் ஆட்டோமேடிக் கியர் எண்ணெயையும் சமமாகக் கலப்பார்கள், சிலர் மண்ணெண்ணெயில் மெல்லிய எண்ணெய் கலப்பார்கள். எது என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியம். 1953-ல் வந்த டபிள்யூடி-40 ஈரத்தை வெளியேற்றச் செய்யப்பட்டது, அந்த வேலையை நன்றாகவே செய்யும். ஆனால் அதைத் தெளித்துவிட்டு ‘எண்ணெய் போட்டாச்சு’ என்று பெட்டிக்குள் வைப்பவர்கள் அடுத்த துருவுக்கு நாள் குறிக்கிறார்கள். எண்ணெய் விட்ட கருவியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, கை பொறுக்கும் வெந்நீரில் வைத்து எடுத்து ஆறவிட்டு, மறுபடி வைத்து எடுத்தேன். சூட்டில் எண்ணெய் இளகும், ஆறும்போது உள்ளே இழுக்கப்படும். லாக் முதலில் விட்டுக்கொடுத்தது. சில நாள் கழித்து, தோல் பட்டையைச் சுற்றிக் கையால் திருப்பியபோது திம்பிளும் அசைந்தது.

அசைந்ததும் மகிழ்ச்சியில் முன்னும் பின்னும் சுற்றிப் பார்க்கத் தோன்றும். அந்தக் கணத்தில்தான் மரை தேய்கிறது. நகை மெருகேற்றும் சிவப்புப் பொடி வேறொன்றுமில்லை, இரும்பு ஆக்சைடுதான். மரைக்குள் இருக்கும் துருப்பொடியும் எண்ணெயும் சேர்ந்தால் தரமான லேப்பிங் (மிக நுண்ணிய தேய்ப்பு) பசை தயார். முன்னும் பின்னும் சுற்றுவது என்றால் ஸ்பிண்டில் மரையை நட்டோடு வைத்து நாமே அரைப்பது என்று பொருள். எனவே ஒரே திசையில், எண்ணெய் விட்டுக்கொண்டே, முழுவதுமாக வெளியே திருகி எடுத்துவிட்டேன். பிறகு மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும். துணியில் செம்மை வருவது நிற்கும்வரை கழுவல், அதற்குப் பிறகுதான் மறுபடி உள்ளே போனது.

கீறலுக்குள் துரு

ஸ்பிண்டில் வெளியே வந்ததால் முகத்தை லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்க்க முடிந்தது. 10 மடங்கு பெருக்கத்தில் முதலில் கண்ணில் பட்டது துரு இல்லை, கோடுகள். முகத்தின் குறுக்கே, எல்லாம் ஒரே திசையில், இணையாக. ஆன்வில் முகத்திலும் அதே திசை, அதே இடைவெளி. விளிம்புகள் மழுங்கி வட்டமாகியிருந்தன.

அந்தக் கோடுகளின் அடிப்பகுதியில் கறுந்துரு இருந்தது. அதாவது கீறல் முன்னது, துரு பின்னது. துருவை நீக்கப் போய் விழுந்த கீறலாக இருந்தால் கீறலின் அடி வெள்ளையாக இருந்திருக்கும். பரணுக்குப் போவதற்கு முன்பே, கருவி உழைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, யாரோ முகங்களுக்கு நடுவே எமரித் தாளை, அதாவது உப்புத்தாளை, வைத்து மூடி இழுத்திருக்கிறார்கள்.

எப்படி நடந்திருக்கும் என்பதும் ஊகிக்கக் கூடியதுதான். முகங்களுக்கு நடுவே சுத்தமான வெள்ளைத் தாளை வைத்து, மெல்ல மூடி, உருவி எடுத்துத் தூசியைத் துடைப்பது எல்லாருக்கும் சொல்லித்தரும் முறை. பார்த்துக் கற்ற யாரோ ஒருவர், வெறும் தாளுக்கே இவ்வளவு சுத்தம் என்றால் உப்புத்தாளுக்கு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டார். பழைய கருவிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கருவியின் சொந்தக்காரர் செய்திருப்பார் என்று தோன்றவில்லை. ஸ்லீவின் கோடுகளை அவர் எவ்வளவு பக்குவமாக வைத்திருந்தார் என்பது தெரிகிறது. கருவியை இரவல் கொடுத்திருப்பார்.

எதில் ஊறவைப்பது

துரு நீக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள். வினிகர், சிட்ரிக் அமிலம், பாஸ்பாரிக் அமிலம், சலவைச் சோடா கரைசலில் மின்சாரம். எல்லாமே துருவை எடுக்கும். கேள்வி, துரு தீர்ந்த பிறகு அவை என்ன செய்யும் என்பது.

அமிலம் துருவோடு நிற்காது, இரும்பையும் தின்னும். சட்டத்துக்கு அது பெரிய விஷயமில்லை. ஸ்லீவில் வெட்டிய கோட்டின் விளிம்பு அமிலத்தில் மழுங்கினால் கோடு அகன்றுபோகும். கோட்டோடு கோடு சேர்வதைப் பார்த்துத்தான் நாம் அளவே வாசிக்கிறோம். தவிர, கடினப்படுத்திய எஃகை அமிலத்தில் போட்டால் உருவாகும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடலாம். மின்முறையிலும் கருவி இருக்கும் எதிர்முனையில் ஹைட்ரஜன்தான் கிளம்புகிறது. மின்முறை செய்வதானால் மறுமுனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் போடவே கூடாது. அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும். கம்பிகளை மாற்றிக் கொடுத்தாலோ திம்பிளின் குரோம் பூச்சே கரைந்துபோகும்.

நான் எடுத்தது இடிடிஏ வகை, இரும்பு அயனிகளைப் பிடித்துக் கரைசலில் வைத்துக்கொள்ளும் நீர்மம். மெதுவானது, நல்ல உலோகத்தை ஏறக்குறைய விட்டுவிடும். கார்பன் மிகுந்த எஃகில் சாம்பல் கறை ஒன்றை விட்டுப்போகும் என்பதுதான் அதன் குறை. சட்டத்தையும் ஸ்லீவின் வெளிப்பக்கத்தையும் திம்பிளையும் அதில் வைத்தேன். ஆன்வில் முகத்தில் மெழுகு பூசி மறைத்தேன். ஸ்பிண்டிலை நீர்மத்துக்கே காட்டவில்லை. அதன் உருளைப் பகுதியில் இருந்த துருவை எண்ணெயும் மூங்கில் குச்சியும் பித்தளை நாரும் வைத்துக் கையால்தான் எடுத்தேன். மூங்கில் எஃகைக் கீறாது. பித்தளையும் கீறாது, மஞ்சள் தடம் விட்டால் துடைத்துவிடலாம்.

நீர்மத்திலிருந்து எடுத்த இரும்பு காற்றில் சில நிமிடத்திலேயே மறுபடி செம்மை காட்டும். கழுவி, துடைத்து, ஆல்கஹாலில் முக்கி, உலர்ந்த உடனே எண்ணெய் போட்டுவிட வேண்டும். இடையில் தொலைபேசி அடித்தால் எடுக்கக் கூடாது.

கோடுகளுக்குக் கறுப்பு நிரப்புவது எளிய வேலை, ஆனால் கருவிக்கு உயிர் வருவது அதில்தான். குழாயில் வரும் கறுப்பு எண்ணெய் வண்ணத்தைக் கோடுகளில் தேய்த்து, கெட்டியான அட்டையில் துணியை இறுகச் சுற்றிக் கோட்டுக்குக் குறுக்காக ஒருமுறை இழுக்க வேண்டும். மெத்தென்ற துணியால் துடைத்தால் கோட்டுக்குள் இருப்பதும் சேர்ந்து வந்துவிடும். திம்பிளின் சாய்விளிம்பில் குரோம் ஓரிடத்தில் உரிந்திருந்தது. இரண்டு கோடுகள் பாதிதான் தெரிகின்றன. மறுபடி பூச்சு ஏற்றலாமே என்று பேரன் கேட்டார். பூச்சு ஏற்றுமுன் பழையதை உரிக்க வேண்டும், மெருகு போட வேண்டும், அதற்குள் கோடுகள் ஆழம் குறைந்திருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முகத்தில் எவ்வளவு மிச்சம்

எமரி தின்றதை அளக்க ஆப்டிகல் ஃபிளாட் வேண்டும். மிகத் தட்டையான கண்ணாடி வட்டு அது. சோடியம் விளக்கின் ஒளியில் முகத்தின் மேல் வைத்தால் பட்டைகள் தெரியும். ஒளியின் அலைநீளம் 589 நானோமீட்டர், அதில் பாதி ஒரு பட்டை. ஆக, ஒரு பட்டைக்கு அடுத்த பட்டை என்றால் உயரத்தில் ஏறத்தாழ 0.3 மைக்ரான் வித்தியாசம் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). மைக்ரோமீட்டருக்கான ஜெர்மன் தரம் டிஐஎன் 863, முகத்தின் தட்டைத்தன்மைக்கு 0.6 மைக்ரான் அனுமதித்தது. இரண்டு பட்டை.

ஆன்வில் முகத்தின் நடுப்பகுதியில் மூன்று வளையங்களும், விளிம்பை நெருங்க நெருங்க எண்ண முடியாத அளவுக்கு நெருக்கமான வளையங்களும் இருந்தன. நடுவில் மேடு, ஓரமெல்லாம் சரிவு. உப்புத்தாளை இழுத்தால் எப்போதும் இந்த வடிவம்தான் வரும், ஏனென்றால் தாள் விளிம்பில் வளைந்து நுழைகிறது.

லேப்பிங் செய்வதா, விடுவதா? துருக்குழிகள் அத்தனையும் மறையும்வரை தேய்க்க வேண்டும் என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. குழி பரப்புக்குக் கீழே இருக்கிறது, அளக்கப்படும் பொருளைத் தொடுவதில்லை. சிறு குழிகளால் அளவு மாறாது. மேடுதான் அளவை மாற்றும். எனவே மேட்டை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தேன். இரு முகமும் இணையாக உள்ள வார்ப்பிரும்பு லேப், 1 மைக்ரான் வைரப் பசை, ராட்செட்டின் அழுத்தத்துக்கு மேல் ஒரு துளியும் இல்லை. அந்த அழுத்தம் பொதுவாக 5 முதல் 10 நியூட்டன். மரைப் பக்கம் பசை போகாதபடி ஸ்பிண்டில் நுழையும் வாயைத் துணியால் கட்டியிருந்தேன். வைரத் துகள் ஒருமுறை மரைக்குள் போனால் அங்கேயே பதிந்துகொண்டு சாகும்வரை அரைத்துக்கொண்டிருக்கும்.

நடுப்பகுதி இரண்டு பட்டைக்குள் வந்ததும் நிறுத்திவிட்டேன். குழிகள் அப்படியே இருக்கின்றன, சில கீறல்களின் அடியும் தெரிகிறது. ஓரத்துச் சரிவும் மிச்சம்.

தட்டை என்பது ஒரு கணக்கு, இணை என்பது இன்னொன்று. இரு முகமும் தட்டையாக இருந்து ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கலாம். அதிலும் ஸ்பிண்டில் சுற்றுகிறது, சாய்வும் கூடவே சுற்றும். இதைப் பிடிக்கத்தான் நான்கு ஆப்டிகல் பேரலல்கள் (இரு முகமும் இணையான கண்ணாடி வட்டுகள்) கொண்ட தொகுப்பு. அவற்றின் தடிமன் 12.00, 12.12, 12.25, 12.37 என்று போகும். 0.5 மி.மீ. புரியின் கால்பங்கு 0.125. ஆக ஒவ்வொரு கண்ணாடிக்கும் திம்பிள் கால் சுற்று தள்ளி நிற்கிறது, ஸ்பிண்டிலின் நான்கு நிலைகளிலும் சாய்வு தெரிந்துவிடும். 25 மி.மீ. கருவிக்கு அனுமதி 2 மைக்ரான், அதாவது இரு முகத்திலும் சேர்த்து ஏழு பட்டைக்குள். நான்கு நிலையிலும் ஏழுக்குள்தான் இருந்தது. துரு அங்கே கைவைக்கவே இல்லை.

ஆட்டம், சுழி, அளவு

ஸ்லீவின் உட்புற முனையில் பிளவுபட்ட கூம்பு மரையும் அதன் மேல் ஒரு வளைய நட்டும் இருக்கும். வளையத்தை முறுக்கினால் பிளவு சுருங்கி ஸ்பிண்டில் மரையைப் பிடிக்கும், ஆட்டம் போகும். மயிரளவு முறுக்கி, முழு நீளத்துக்கும் சுற்றிப் பார்த்து, எங்கும் இறுகாமல் இருந்ததும் விட்டேன்.

சுழிப் பிழை (முகங்கள் மூடியபோது அளவு பூஜ்யத்தில் நிற்காமல் தள்ளி நிற்பது) 0.01 மி.மீ.க்குள் இருந்தால் கொக்கிச் சாவியால் ஸ்லீவைத் திருப்பிச் சரிசெய்யலாம். அதற்கு மேல் போனால் ராட்செட்டைத் தளர்த்தித் திம்பிளையே ஸ்பிண்டிலில் இடம் மாற்ற வேண்டும். இங்கே ஸ்லீவைத் திருப்பியதே போதுமானது. கருவியைக் கழற்றிப் பூட்டியபோது திம்பிள் பழைய இடத்திலேயே உட்காரும்படி அடையாளம் வைத்திருந்ததன் பலன்.

சுழி சரியானதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சுழி, கருவியின் ஒரு புள்ளி மட்டுமே. சோதிக்க எடுத்த அளவுகள் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25. ஏன் 5, 10, 15 என்று நேராகப் போகவில்லை? அவையெல்லாம் 0.5-இன் மடங்குகள். எல்லாவற்றிலும் திம்பிள் ஒரே கோட்டில்தான் நிற்கும். மரை ஒரு சுற்றுக்குள் தள்ளாடினால் அது கடைசிவரை தெரியாமலே போகும். இந்த ஒழுங்கில் திம்பிளின் வெவ்வேறு நிலைகள் மாட்டிக்கொள்கின்றன.

சோதனைக்கு முன் கருவியும் நல்ல ஸ்லிப் கேஜ் தொகுப்பும் ஒரே தட்டின் மேல் இரவு முழுக்க இருந்தன. நீள அளவுகளுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்ற பொது வெப்பநிலை 1931-ல் உலக அளவில் ஏற்கப்பட்டது. அறை மிகச் சரியாக 20 இல்லாவிட்டாலும் இரண்டும் எஃகு, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் பெரிய பாதகமில்லை. ஒன்று கையில், ஒன்று மேசையில் என்றால்தான் வம்பு. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் நீளும். 25 மி.மீ. துண்டு 10 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 3 மைக்ரான். நாம் தேடுகிற பிழையே அவ்வளவுதான். எனவே சட்டத்தைத் தாங்கியில் பூட்டி, கேஜ்களை மர இடுக்கியால் பிடித்து அளந்தேன்.

12.9-க்கு மேல் எல்லா இடத்திலும் 2 மைக்ரானுக்குள். 2.5-லும் அப்படியே. ஆனால் 5.1-ல் 3 மைக்ரான் குறைவாகக் காட்டியது, 7.7-ல் 5, 10.3-ல் 4. திரும்பத் திரும்ப அளந்தாலும் அதே பள்ளம். இது துரு இல்லை. துருவாக இருந்தால் இடத்துக்கு இடம் தாறுமாறாக இருக்கும். இது தேய்மானம். ஒரே அளவுள்ள பொருளைக் காலமெல்லாம் அளந்தால், அந்த இடத்தில் நட்டோடு பொருந்தும் மரையின் தோள் தேயும். தேய்ந்த இடத்தில் முகம் பொருளைத் தொட திம்பிள் இன்னும் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கும், அளவு குறைவாக வரும். பேரனிடம் கேட்டேன். “தாத்தா பஞ்ச் பின்தான் நிறையச் சாணை போடுவாருண்ணா, எட்டு மில்லி” என்றார்.

டிஐஎன் 863 இந்த அளவுக் கருவிக்கு 4 மைக்ரான்தான் அனுமதித்தது. சுழியைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பிழையை மேலும் கீழுமாகப் பங்கு போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம் அதனால் குறைவதில்லை, நல்ல இடங்களும் கெட்டுப்போவதுதான் மிச்சம். சுழியை நேராக வைத்து, பிழையை எழுதிக் கொடுப்பதே நேர்மை.

மற்றவை

வெர்னியரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாடைகளை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் நுனியில் கீற்று தெரிந்தது. முதுகுச் சட்டத்தின் விளிம்பையும் அதே எமரிக் கை மழுக்கியிருந்தது. நகரும் தாடையை நேராக வழிநடத்துவது அந்த விளிம்புதான். வெர்னியரில் கோடு ஓரிடத்தில், பொருள் வேறொரு கோட்டில். தாடை துளி சாய்ந்தாலும், பொருள் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு பிழை கூடும். மைக்ரோமீட்டர் ஒரே கோட்டில் அளப்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே 1890-லேயே எடுத்துச் சொன்ன விதி இது. 0.02 மி.மீ. என்று முகப்பில் எழுதியிருந்தாலும், இதை 0.1 மி.மீ.யைவிட நுணுக்கமான அளவுக்கு நம்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பட்டறையில் அந்த வேலைக்கும் ஒரு கருவி வேண்டும்தான்.

டயல் கேஜின் தண்டு இறுகியிருந்தது. துரு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பல்சக்கரங்களும் மயிர்ச்சுருளும் சுத்தமாக இருந்தன. தண்டில் யாரோ அன்போடு விட்ட எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. டயல் கேஜ் தண்டுக்கு எண்ணெய் விடக் கூடாது, அது தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். ஆல்கஹாலில் துடைத்ததும் தண்டு தானாகவே விழுந்து எழுந்தது.

ஸ்லிப் கேஜ்களில் வருத்தம் உண்டு. ஸ்வீடனின் கார்ல் எட்வர்ட் யோஹான்சன் 1896-ல் கண்ட வழி இது: சில துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி ஆயிரக்கணக்கான அளவுகளை உருவாக்குவது. எல்லாம் அந்த ஒட்டுதலை நம்பியது. துரு குழிக்குச் சுற்றிலும் மெல்லிய கரையை எழுப்பிவிடும். அந்தக் கரை ஒட்டவும் விடாது, அடுத்த கேஜின் முகத்தையும் கீறும். அர்க்கன்சாஸ் கல் என்ற நுண்ணிய சாணைக்கல்லில் கரையை மட்டும் தட்டி எடுத்தேன். இரண்டு ஒட்டின, மற்றவை ஒட்டவில்லை. ஒட்டியவற்றையும் நல்ல தொகுப்போடு சேர்க்கக் கூடாது. பக்கவாட்டில் சிவப்பு வண்ணம் பூசி, இயந்திரத்தில் பொருளை நிறுத்த உதவும் துண்டுகளாகக் கொடுத்துவிட்டேன்.

திருப்பிக் கொடுத்தது

பழைய ஃபெல்ட்டை வீசியாயிற்று. பெட்டியையும் கருவிக்கு மறுபடி கொடுக்கவில்லை, அது நினைவுக்கு இருக்கட்டும். கருவிகள் விசிஐ தாளில் சுற்றி மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், கூட ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். அந்தத் தாளிலிருந்து வரும் ஆவி உலோகத்தின் மேல் படிந்து துருவைத் தடுக்கும், அதனால் பெட்டி மூடியிருந்தால்தான் பயன். மைக்ரோமீட்டர் 1 மி.மீ. திறந்து, லாக் தளர்ந்து.

மைக்ரோமீட்டரோடு ஓர் அட்டை கட்டியிருக்கிறது. அதில் உள்ளது: “5 முதல் 11 வரை 3–5 மைக்ரான் குறைவாகக் காட்டும். சிறு குண்டு, கம்பி போன்றவற்றை முகத்தின் நடுவில் வைத்தே அளக்கவும், ஓரத்தில் குறைவாக வரும். முகத்தைத் துடைக்க வெள்ளைத் தாள் மட்டும். இரவல் இல்லை.”

சில மாதம் கழித்து மறுபார்வைக்கு வந்தது. முகங்கள், மரை, சுழி மூன்றும் விட்ட இடத்திலேயே இருந்தன. திம்பிளில் குரோம் உரிந்த இடத்தின் ஓரத்தில் மட்டும் ஊசிமுனை அளவு செம்புள்ளி, பூச்சுக்கு அடியிலிருந்து. துடைத்து எண்ணெய் வைத்தேன். அந்த ஓரத்தை மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். புள்ளி பூச்சுக்கு அடியில் பரவினால் மட்டும் மறுபடி கொண்டுவர வேண்டும்.